காரின் ரகசிய மொழி: மலையூர் மெக்கானிக்குத் தெரியக் கூடாதா?

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது ஆடலூர். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு விளைகிற பூமி. பக்கத்திலே பன்றிமலை. அதே மலைத்தொடரில் தாண்டிக்குடி. வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதைதான் இந்த ஊர்களுக்கு உயிர்நாடி.

விளைந்த சரக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமா? வண்டி வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா? அதற்கும் வண்டி வேண்டும். மலையிலே வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. மனிதனுக்குக் கால் எப்படியோ, மலையூருக்கு வண்டி அப்படி!

அந்த வண்டிகளில் இப்போது ஒரு பெரிய மாறுதல் வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளே, டாஷ்போர்டுக்குக் கீழே, ஒரு சிறிய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. விளக்கு எரிவதும், வைப்பர் ஓடுவதும், ஹாரன் அடிப்பதும், கதவு பூட்டுவதும் அதன் உத்தரவுப்படிதான் நடக்கின்றன.

வண்டியில் கோளாறு வந்தால் அந்தப் பெட்டிக்குத் தெரியும். என்ன கோளாறு என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். ஆனால் அதை எல்லோரிடமும் சொல்லாது! அதற்கென்று ஒரு ரகசிய மொழி இருக்கிறது. அந்த மொழி கார் கம்பெனிக்குத் தெரியும். மலையூர் மெக்கானிக்குத் தெரியாது.

இது நியாயமா? இந்தக் கேள்வி டெல்லி வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டுப்பெட்டி வரை போயிருக்கிறது.

ஒயரும் ஸ்விட்சும்

பழைய ஜீப்பை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட் ஸ்விட்சை இழுத்தால், பாட்டரியில் இருந்து மின்சாரம் பியூஸ் வழியாக வரும். ஸ்விட்ச் வழியாகப் போய் பல்பை எரியவைக்கும். அவ்வளவுதான்.

விளக்கு எரியவில்லையா? பல்பைப் பார். பியூஸைப் பார். ஸ்விட்சைப் பார். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார். நாலு இடத்தில் ஒன்றில் கோளாறு இருந்தே ஆகவேண்டும். ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தால் போதும். மரத்தடியில் உட்கார்ந்தே சரிசெய்து விடலாம்.

சில மெக்கானிக்குகளுக்கு டெஸ்ட் லாம்ப் கூட வேண்டாம். ஒயரின் முனையை வண்டியின் இரும்பில் லேசாக உரசுவார்கள். நெருப்புப் பொறி பறந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம்! படிக்காத மேதைகள் பலர் இப்படியே தொழில் செய்து பேர் வாங்கினார்கள்.

ஆனால் காரில் வசதிகள் பெருகின. கண்ணாடி ஏற்ற மோட்டார். கதவு பூட்ட மோட்டார். பின்கண்ணாடிக்குச் சூடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் என்ன ஆகும்? ஒயரின் கனமே வண்டிக்குப் பாரமாகிவிடும். இதற்கு ஒரு வழி தேடினார்கள்.

இரண்டு ஒயரில் பேச்சு

ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1983-ம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கியது. காரில் இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டே ஒயர்களின் வழியாக ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள வேண்டும். இதுதான் அவர்களுடைய திட்டம்.

1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அந்த முறையை உலகுக்கு அறிவித்தார்கள். 'கேன்' என்று அதற்குப் பெயர். 1991-ல் மெர்சிடிஸ் கம்பெனியின் பெரிய காரில் அது இடம்பெற்றது. இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஸ்விட்ச் பல்புக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. "எஜமான் விளக்கு கேட்கிறார்" என்று சேதி மட்டும் அனுப்புகிறது! டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி அந்தச் சேதியைக் கேட்டு, பல்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் 'பாடி கண்ட்ரோல் மாடியூல்'. மெக்கானிக்குகள் சுருக்கமாக பி.சி.எம். என்பார்கள். பண்ணைக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருப்பது போல, காரின் உடம்புக்கு இது கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை சும்மா இருப்பாரா? எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்துகொண்டே இருக்கிறார். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். ஒன்றுமே இழுக்கவில்லை என்றால், பல்பு போய்விட்டது அல்லது ஒயர் அறுந்துவிட்டது. அளவுக்கு மீறி இழுத்தால் ஷார்ட். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தன் நோட்டில் ஒரு எண்ணை எழுதிக்கொள்கிறார். அதுதான் எரர் கோடு!

நாலு எழுத்தில் தலைவிதி

எரர் கோடு என்பது ஒரு ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்தது. முதல் எழுத்து, கோளாறு எந்த வீட்டில் என்று சொல்லும்.

'பவர்' என்ற சொல்லின் முதல் எழுத்து வந்தால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. 'சேசிஸ்' என்பதன் முதல் எழுத்து வந்தால் பிரேக், ஸ்டியரிங். 'பாடி' என்பதன் முதல் எழுத்து வந்தால் விளக்கு, கதவு, ஏர்பேக் போன்றவை. 'யு' என்ற எழுத்து வந்தால், பெட்டிகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று அர்த்தம். பவருக்கும் பாடிக்கும் தமிழில் ஒரே 'பி'தான். ஆகையால் பேப்பரில் ஆங்கில எழுத்தாகவே குறித்துக்கொள்வது நல்லது.

எழுத்துக்கு அடுத்த இலக்கத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பூஜ்யமாக இருந்தால், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. ஒன்றாக இருந்தால், அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு.

'யு 0140' என்ற கோடு வந்தால், "பாடி பெட்டியோடு பேச்சு நின்றுவிட்டது" என்று பொருள். இது பொதுக் கோடு. எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் அதே பொருள்தான். ஆனால் பாடி கோடுகளில் பெரும்பகுதி கம்பெனிகளின் சொந்தக் கோடுகள். ஒரு கம்பெனியில் ஒரு பொருள், இன்னொரு கம்பெனியில் வேறு பொருள். அகராதி கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது!

சட்டம் புகையைப் பார்த்தது

எல்லாக் கோடும் ரகசியம் அல்ல. இன்ஜின் கோடுகளை இன்று எந்த மெக்கானிக்கும் படிக்கலாம். அதற்குக் காரணம் கம்பெனிகளின் தாராள மனசு அல்ல. சட்டம்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகை பெரிய தொல்லையாக இருந்தது. புகை அதிகமானால் கார் தானே எச்சரிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் விதி போட்டது. 1996-ம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாப் புதுக் கார்களிலும் ஒரே மாதிரியான 16 முனை சாக்கெட் கட்டாயமாகியது. ஐரோப்பாவில் 2001-ல் பெட்ரோல் கார்களுக்கு இது வந்தது. இந்தியாவிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்ந்து படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி அமலாகியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் அந்தச் சாக்கெட் தெரியும். சிறிய ஸ்கேனரைச் செருகினால் செல்போனிலேயே இன்ஜின் கோடு வந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்டது புகையைப் பற்றி. விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வைப்பரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே புகை சம்பந்தப்பட்ட கோடு வெளியே வந்தது. பாடி கோடு உள்ளேயே தங்கிவிட்டது.

மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு எது முக்கியம்? ஐப்பசி கார்த்திகை மழையில், மூடுபனியில், கொண்டை ஊசி வளைவில், விளக்கும் வைப்பரும்தானே உயிர்!

மலையில் ஒரு மாலை

ஒரு உதாரணம் பார்ப்போம். மழைக்கால மாலை நேரம். வாடகைக் கார் ஒன்று மலையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வழியில் வைப்பர் நின்றுவிடுகிறது. ஹெட்லைட் விட்டு விட்டு எரிகிறது. டிரைவர் ஓரமாக நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார்.

"அண்ணே, பியூஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வைப்பர் அசைய மாட்டேங்குது."

"தம்பி, அது பி.சி.எம். வேலைப்பா. நம்மகிட்ட இருக்கிற ஸ்கேனர்ல இன்ஜின் மட்டும்தான் பேசும். கம்பெனிக்குத்தான் கொண்டுபோகணும்."

அன்றைய வாடகை போயிற்று. வண்டியை ஏற்றி இறக்கும் செலவு வேறு. கீழே கம்பெனி ஒர்க்-ஷாப்பில் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கடைசியில் பார்த்தால், துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர்! சுரண்டி முறுக்கினால் தீர்ந்துபோகிற வேலை.

மெக்கானிக்குக்குக் கை இருக்கிறது, மூளை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. கோடு மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் மற்ற மூன்றும் வீணாகின்றன.

கோடு நோய் அல்ல

கோடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அதுவும் இல்லை!

காய்ச்சல் என்பது நோய் அல்ல, நோயின் அடையாளம். டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு உடனே மருந்து எழுதுவதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார். எரர் கோடும் அப்படித்தான். "வலது ஹெட்லைட் வழியில் மின்சாரம் போகவில்லை" என்று கோடு சொல்லும். பல்பா, கப்ளரா, ஒயரா, எர்த்தா, பெட்டியேதானா என்று அது சொல்லாது. அதை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் எந்த வரிசையில் பார்க்கிறார்?

முதலில் பாட்டரி. நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரவேண்டும். பாட்டரி சோர்ந்தால் பெட்டிகளும் சோர்ந்துபோகும். சம்பந்தமே இல்லாமல் பத்துக் கோடுகள் எழுதித் தள்ளும்! பத்துக் கோடுகளையும் துரத்திக்கொண்டு ஓடுவது வீண்வேலை.

இரண்டாவது, எல்லாக் கோடுகளையும் பேப்பரில் எழுதிக்கொள்வது. சிலர் ஸ்கேனரைச் செருகியதும் கோட்டை அழித்துவிடுகிறார்கள். அது, சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவது போல! எழுதிய பிறகுதான் அழிக்க வேண்டும். அழித்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்து, எது திரும்பி வருகிறது என்று கவனிக்க வேண்டும். திரும்பி வருவதுதான் உண்மையான கோளாறு.

மூன்றாவது, பியூஸும் எர்த்தும். எர்த் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பிவர வழியில்லை. விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் மைனசுக்கும் அந்த எர்த் முனைக்கும் நடுவே மீட்டர் வைக்க வேண்டும். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டினால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

நாலாவது, கப்ளர். கழற்றிப் பார்த்தால் பச்சைக்களிம்பு தெரியும்.

ஐந்தாவது, பேச்சு ஒயர்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, 16 முனை சாக்கெட்டில் ஆறாவது முனைக்கும் பதினாலாவது முனைக்கும் நடுவே ஓம் மீட்டர் வைத்தால், பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு விலை உயர்ந்த ஸ்கேனர் தேவை இல்லை. சாதாரண மல்டிமீட்டர் போதும்!

பெட்டியைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

மலையின் எதிரிகள்

மலை வண்டிக்கு வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு மலையே காரணம்.

முதல் எதிரி ஈரம். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடிய ஓட்டைகள் இருக்கும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலையும் சருகும் அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். தண்ணீர் வழிமாறி உள்ளே இறங்கும். உள்ளே எது இருக்கிறது? பியூஸ் பெட்டி, ஒயர், பி.சி.எம்.!

இரண்டாவது எதிரி எலி. ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு வந்து படுக்கும். பொழுதுபோகாமல் ஒயரைக் கடிக்கும்.

மூன்றாவது, கதவுக் கீல். கதவுக்குப் போகும் ஒயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் இருக்கும். ஆள் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிரும். பல வருடம் கழித்து உள்ளே ஒயர் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. கண்ணாடி ஏறாது, கதவு பூட்டாது.

கதவு ஸ்விட்ச் கெட்டுப்போனால் இன்னொரு வேடிக்கை. கதவு திறந்தே இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ராத்திரி முழுவதும் தூங்காமல் விழித்திருக்கும்! அரை ஆம்பியர் மின்சாரம் ஒழுகினால், 35 ஆம்பியர்-மணி பாட்டரி 70 மணி நேரத்தில் அடியோடு காலி. அதற்கு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. "பாட்டரி சரியில்லை" என்று சொல்லிப் புதுப் பாட்டரி போடுவார்கள். மூன்று நாளில் அதுவும் படுத்துவிடும்!

நாலாவது எதிரி மனிதனேதான். பனிக்காக கூடுதல் விளக்கு மாட்டுகிறார்கள். 55 வாட் இருந்த இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெட்டி அதைக் கோளாறு என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடலாம். எல்.இ.டி. பல்பு போட்டால் மிகக் குறைவாக இழுக்கும். "பல்பு இல்லை" என்று பெட்டி புகார் எழுதும். கூடுதல் விளக்கு வேண்டுமானால் பாட்டரியில் இருந்து தனி பியூஸ், தனி ரிலே போட்டு இணைக்க வேண்டும். பெட்டியின் ஒயரை வெட்டி ஒட்டுப் போடக் கூடாது.

பழையபடி ஒயரை உரசிப் பொறி பார்ப்பதும் இனி ஆகாது. ஒரு பொறியில் பெட்டியின் உள்ளே ஒரு பாகம் கருகிவிடலாம்.

கருகினால் என்ன? வேறு பெட்டி வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்! பல கார்களில் திருட்டைத் தடுக்கும் பூட்டு இந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. புதுப் பெட்டிக்குக் காரின் அடையாள எண்ணையும் சாவியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் ஓடாது. சொல்லிக்கொடுக்கும் கருவி கம்பெனியிடம்தான் இருக்கிறது.

டெல்லியில் தீர்ப்பு

2011-ம் ஆண்டில் ஒரு கார் சொந்தக்காரர், இந்தியப் போட்டிக் கமிஷனிடம் புகார் கொடுத்தார். "உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் விற்பதில்லை. கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் கம்பெனி கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது" என்பது புகாரின் சாரம்.

முதலில் மூன்று கம்பெனிகள் மீதுதான் புகார். விசாரிக்க விசாரிக்க விஷயம் பெரிதாயிற்று. 2014 ஆகஸ்டு 25-ந் தேதி கமிஷன் தீர்ப்புக் கூறியது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்!

அபராதத்தைவிட உத்தரவுதான் முக்கியமானது. உதிரிப் பாகமும் கோளாறு காணும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். வெளியே ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது. வெளி மெக்கானிக் செய்த தவறான வேலையால் கோளாறு வந்திருந்தால் மட்டும் மறுக்கலாம். இப்படிக் கமிஷன் சொன்னது.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன.

அதன் பிறகு மத்திய சர்க்காரும் அசைந்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை' பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு மின்சாதனம், மோட்டார் வாகனம் ஆகிய நான்கும் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், ரிப்பேர் விவரங்களைக் கம்பெனிகள் வெளியிடுவதற்காக இணையதளம் ஒன்று தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் மக்கள் இந்தப் பிரச்சினையை ஓட்டுப்போட்டே தீர்த்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பர் தேர்தலில், கம்பெனி ஒர்க்-ஷாப்புக்குக் கிடைக்கும் ரிப்பேர் விவரம் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று பெருவாரியாக ஓட்டளித்தார்கள். 2014-ல் கார் கம்பெனிகள் நாடு முழுவதற்கும் அதே ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு மாநிலத்து ஓட்டு, ஒரு தேசத்துக்கே வழி திறந்தது!

கம்பெனி சொல்வது என்ன?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கார் திருடனுக்கும் சாவி கிடைத்துவிடும். பயிற்சி இல்லாதவர் ஏர்பேக்கைத் தொட்டால் ஆபத்து" என்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. கோடு என்ன சொல்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்வதால் யாரும் காரைத் திருடிவிட முடியாது. புதுச் சாவி எழுதுவதில்தான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் பூட்டு, சாவித் தொழில் செய்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சாவி விவரம் கொடுக்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாம்.

விளக்குக் கோட்டையும் வைப்பர் கோட்டையும் சாவிக் கோட்டோடு சேர்த்து ஒரே அறையில் பூட்டி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்வது பொருந்தாது.

என்ன செய்யலாம்?

சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று. புகைக்காக இன்ஜின் கோட்டைத் திறக்க வைத்தது போல, உயிருக்காகப் பாடி கோட்டையும் திறக்க வைக்க வேண்டும். விளக்கு, வைப்பர், ஹாரன், கதவு ஆகியவற்றின் கோடுகளுக்குப் பொருள் என்ன என்று கம்பெனிகள் தமிழிலும் வெளியிட வேண்டும்.

மெக்கானிக்குகள் செய்ய வேண்டியதும் உண்டு. டெஸ்ட் லாம்போடு நின்றுவிடக் கூடாது. மல்டிமீட்டரைப் பிடிக்கப் பழக வேண்டும். ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அங்கே படித்துவிட்டு வரும் பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பழைய மெக்கானிக்குக்கு வண்டியின் நாடி தெரியும். இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் உட்கார்ந்தால் எந்தக் கோடும் எதிரே நிற்காது. மலையூர் மெக்கானிக்குகள் நாலைந்து பேர் சேர்ந்து, பல கம்பெனிக் கோடுகளையும் படிக்கும் நல்ல ஸ்கேனர் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

வண்டி வைத்திருப்பவர்களும் கேள்வி கேட்கப் பழக வேண்டும். "பி.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், "என்ன கோடு வந்தது? எழுதிக் கொடுங்கள். எர்த் பார்த்தீர்களா? பாட்டரி எவ்வளவு காட்டியது?" என்று கேட்க வேண்டும். கோளாறு எப்போது வருகிறது, மழையிலா, வெயிலிலா, குலுங்கும்போதா என்று குறித்து வைத்துச் சொல்ல வேண்டும். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பு கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சருகைத் தட்டிவிட வேண்டும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

வண்டியை விலை கொடுத்து வாங்கியவன் அதன் சொந்தக்காரன். அவன் வண்டி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் அந்த விலைக்குள் அடக்கம்தான். நகரத்தில் இருப்பவனுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டால் பணம் நஷ்டம். அடுத்த தெருவில் ஒரு ஒர்க்-ஷாப் இருக்கும், சமாளித்துக்கொள்வான். மலையில் இருப்பவனுக்கு அடுத்த தெரு என்பது அடிவாரம்! இருட்டிலும் பனியிலும் அவன் இறங்கியாக வேண்டும்.

பூட்டிய அகராதியைத் திறக்க வேண்டியது டெல்லியில். அதனால் காப்பாற்றப்படும் உயிர்கள் ஆடலூர் போன்ற மலையூர்களில் இருக்கின்றன.